பாலினச் சமத்துவ சர்வேக்களை ஏமாறாமல் படிப்பது எப்படி

"பெரும்பாலான மக்கள் ஆண் பெண் சமத்துவத்தை ஆதரிக்கிறார்கள்" என்று ஒரு செய்தி வரும். அடுத்த வாரமே "இளைஞர்களுக்குப் பெண்ணியம் என்றாலே பிடிக்கவில்லை" என்று இன்னொன்று வரும். ஒரு பக்கம் முதலாவதைத் தூக்கிக்கொண்டு ஓடும், மறுபக்கம் இரண்டாவதை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் அவை வேறு வேறு ஆட்களிடம் கேட்ட வேறு வேறு கேள்விகளுக்கு வந்த பதில்கள். அதனால் பகிர்வதற்கு முன்னால், முக்கியமாக அதை வைத்துச் சண்டை போடுவதற்கு முன்னால், கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்.

முதல் வேலை, கேட்ட கேள்வியைத் தேடுவது. தலைப்பை விடுங்கள், அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் கேள்விகள் அப்படியே இருக்கும். "சமத்துவம் வேண்டுமா?" என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1981இல் தொடங்கிய உலக மதிப்புகள் ஆய்வு வேறு மாதிரிக் கேட்கிறது: வேலை கிடைப்பது அரிதாக இருக்கும்போது பெண்களைவிட ஆண்களுக்கே அதிக உரிமை இருக்க வேண்டுமா, மொத்தத்தில் ஆண்கள்தான் சிறந்த அரசியல் தலைவர்களா, பல்கலைக்கழகப் படிப்பு பெண்ணைவிடப் பையனுக்குத்தான் முக்கியமா. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இந்தத் தரவை வைத்து ஐநா வளர்ச்சித் திட்டம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேரிடம் பெண்களுக்கு எதிரான ஒரு சாய்வாவது இருக்கிறது. ஆனால் அந்த "ஒன்றாவது" என்பதைக் கவனியுங்கள். ஏழு அளவுகோல்களில் ஒன்றில் மட்டும் தடுமாறியவரும் ஏழிலும் தடுமாறியவரும் அந்த எண்ணில் ஒன்றுதான். உள்ளே இருக்கும் தனி எண்கள்தான் அதிகம் பேசும்: ஆண்களே சிறந்த அரசியல் தலைவர்கள் என்று நினைப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர், கணவன் மனைவியை அடிப்பதில் தப்பில்லை என்பவர்கள் கால்வாசிப் பேர்.

அடுத்து, அந்தப் பதிலைச் சொல்ல அவருக்கு ஏதாவது செலவானதா என்று பாருங்கள். தகுதியுள்ள ஒரு பெண் நின்றால் அவரை அதிபராகத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவீர்களா என்று அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937இல் கேட்டபோது 33 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். அண்மை ஆண்டுகளில் அதே மாதிரிக் கேள்விக்கு 90 சதவீதத்தைத் தாண்டி ஆம் வருகிறது. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்டில் இன்னும் ஒரு பெண் அதிபராகவில்லை. கற்பனை வேட்பாளருக்கு ஆம் சொல்ல எந்தச் செலவும் இல்லையே!

உண்மையான ஓட்டு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடந்தது (வேறு யாரிடம் நடத்துவது, ஓட்டு அவர்களிடம்தானே இருந்தது). மூன்றில் இரண்டு பங்கு பேர் முடியாது என்றார்கள். 1971இல் அதே கேள்விக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றார்கள். 12 வருஷத்தில் பழைய தலைமுறை செத்துப் புதுத் தலைமுறை வந்து இவ்வளவு பெரிய புரட்டல் நடக்காது, நிறைய ஆண்கள் நிஜமாகவே மனம் மாறியிருக்க வேண்டும். ஆனால் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தின் ஆண்கள் உள்ளூர்த் தேர்தல்களில் பெண்களுக்கு ஓட்டுத் தர 1990 வரை மறுத்தார்கள், கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் உத்தரவு போட்டது. தேசிய சராசரிக்குப் பின்னால் இப்படி மூலைகள் ஒளிந்திருக்கும்.

மாறியது மனிதர்களா தலைமுறையா என்று மற்ற சர்வேக்களிலும் நீங்களே சோதிக்கலாம். வயதுவாரி அட்டவணையை எடுத்து, 1990இல் இருபதுகளில் இருந்தவர்கள் சொன்னதையும் 2020இல் ஐம்பதுகளில் இருப்பவர்கள் சொல்வதையும் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்த கூட்டம் அது. அவர்கள் அப்படியே நிற்க, மொத்த எண் மட்டும் நகர்ந்திருந்தால் வந்தது தலைமுறை மாற்றம்.

"இளைஞர்கள்" என்ற சொல்லைப் பார்த்தால் உடனே ஆணா பெண்ணா என்று கேளுங்கள். தென்கொரியாவில் 2022 அதிபர் தேர்தலில், பாலினச் சமத்துவ அமைச்சகத்தையே மூடுவேன் என்று சொன்ன வேட்பாளர் பக்கம் இருபதுகளில் இருந்த ஆண்கள் சாய்ந்தார்கள், அதே வயதுப் பெண்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம், எதிர்ப்பு எதன் மேல் என்றும் பாருங்கள்: சம சம்பளத்தின் மேலா, ஒரு இயக்கத்தின் மேலா, ஒரு அரசுத் திட்டத்தின் மேலா? மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் தலைப்பு எழுதுபவர்களின் பழக்கம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பெரும்பாலான சர்வேக்கள் கேட்காத ஒன்று: "மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" சவூதி அரேபியாவின் ரியாத்தில் இளம் கணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதில் தவறில்லை என்று பெரும்பாலானவர்கள் தனிப்பட்ட முறையில் சொன்னார்கள், ஆனால் சுற்றியிருக்கும் மற்ற ஆண்களிடம் அந்த ஆதரவு உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்றே அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் சிலரிடம் மட்டும் உண்மைக் கணக்கைச் சொன்னார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அந்தக் கணவர்களின் மனைவிகள்தான் அதிகமாக வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், நேர்காணலுக்கும் போயிருந்தார்கள். யாருடைய கொள்கையையும் மாற்றாமலேயே நடந்தது இது. மனசுக்குள் ஆதரவு எவ்வளவு இருந்தாலும் அடுத்தவன் என்ன சொல்வானோ என்ற பயம் அதை அமுக்கிவைத்திருக்கும்.

சட்டம் முன்னால் போய் மனசு பின்னால் வருவதும் உண்டு, அதுவும் பாதி தூரம்தான். இந்தியாவில் 1993 முதல் பஞ்சாயத்துப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து கிராமத்தினருக்குப் போட்டுக் காட்டினார்கள் ஆய்வாளர்கள், 2009இல் முடிவுகள் வந்தன. பெண் தலைவரைப் பார்த்துப் பழகிய ஊர்களில், பெண் தலைவரைத் திறமை குறைந்தவராக எடைபோடும் பழக்கம் ஆண்களிடம் மறைந்திருந்தது. ஆனால் ஆண் தலைவர்தான் வேண்டும் என்ற விருப்பம் அப்படியே இருந்தது. திறமையை ஒத்துக்கொள்வது ஒன்று, பிடிப்பது இன்னொன்று.

கடைசிச் சோதனை கடிகாரம். சம்பளமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் யார் தலையில் என்று பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 கணக்கில், உலக அளவில் பெண்கள் ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம் செய்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம்.

உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ நீங்களே ஒரு சர்வே நடத்துவதானால் பெயர் கேட்காதீர்கள். குறிப்பான கேள்வியாகக் கேளுங்கள், உதாரணமாக "குழந்தைக்காக ஆண் ஊழியர் மூன்று மாதம் விடுப்பு எடுத்தால் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போவது நியாயமா?" கூடவே, இதற்கு இங்கே எத்தனை சதவீதம் பேர் நியாயம் என்பார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். உண்மை எண்ணையும் ஊகத்தின் சராசரியையும் சேர்த்தே வெளியிடுங்கள். கூட்டம் சின்னதாக இருந்தால் ஆண், பெண் என்று பிரித்துப் போடாதீர்கள், அங்கே இருப்பதே இரண்டு பெண்கள் என்றால் யார் என்ன சொன்னார்கள் என்று மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.