கூட்டு மாடித்தோட்டம்: முதலில் மேல் மாடி வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

எங்கள் அபார்ட்மென்ட்டில் மாடித்தோட்டத்தை இரண்டு தடவை தொடங்கினோம். நாங்கள் இருப்பது சென்னையை ஒட்டிய குரோம்பேட்டையில். கீழே வண்டி நிறுத்தும் இடம், அதற்கு மேல் மூன்று மாடி, மொத்தம் 12 வீடு. 2019-இல் நானும் இரண்டாம் மாடித் தோழியும் செடி வளர்க்கும் பைகள் 14 வாங்கி மொட்டை மாடித் தரையிலேயே வரிசையாக வைத்தோம். பொதுவிடம்தானே என்று யாரிடமும் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் பைகளிலிருந்து தென்னை நார்த்தூள் வழிந்துபோய் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்க மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டே நாளில் 3-பி வீட்டுப் படுக்கையறை சீலிங்கில் பழுப்புத் திட்டு வந்துவிட்டது. அந்த வீட்டு மாமி சத்தம் போடவில்லை. "நாலு கத்திரிக்காய்க்காக என் வீட்டு சீலிங்கை ஊற வைக்கணுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம்.

இப்போது அதே மாடியில் 36 பைகள் இருக்கின்றன. மாடிச் சாவி அந்த மாமியிடம்தான் இருக்கிறது. இடையில் என்ன மாற்றினோம் என்பதைச் சொன்னால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு மழைக்காலச் சண்டையாவது மிச்சமாகும்.

முதலில் போக வேண்டியது குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு இல்லை, மேல் மாடியில் குடியிருப்பவர்களின் வீட்டுக்கு. தண்ணீர் கசிந்தால் நஷ்டம் அவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் கூட்டத்தில் கை தூக்குவது சுலபம். நாங்கள் இரண்டாம் தடவை மாமி வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, அவருக்கு என்னென்ன பயம் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். அப்புறம் மேல் மாடி வீடுகள் நான்கிலும் ஒவ்வொரு அறையின் சீலிங்கையும் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் பிடித்து, அவர்களுக்கும் அனுப்பினோம். பின்னால் ஒரு கறை வந்தால் அது பழையதா புதியதா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. கசிவு வந்தால் தோட்டக் கணக்கிலிருந்தே சரிசெய்து தருவோம் என்றும் எழுதிக் கொடுத்தோம். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் மாமி சரி என்றார்.

மாடி எல்லா வீட்டுக்கும் பொது. தோட்டத்தில் சேராத வீட்டுக்காரருக்கும் அதில் பாத்தியதை உண்டு. அதனால் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் எந்தப் பகுதி தோட்டத்துக்கு, எந்தப் பகுதி துணி காய வைக்க என்று எழுதி வையுங்கள். நாங்கள் கிழக்குப் பக்கத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். சித்திரை, வைகாசியில் வடகம் பிழிகிறவர்களுக்கு நல்ல வெயில் படும் மேற்குப் பாதியை விட்டுவிட்டோம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வருகிறவர் நடக்க மூன்றடி வழியும் வேண்டும்.

அடுத்தது பாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில்தான் இந்தியத் தரக் குறியீட்டில் சுமை வைத்திருக்கிறார்கள். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பையில் கலவையை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 20 கிலோவைத் தாண்டும். 15 அங்குலப் பையை நிரப்பினால் அதைப்போல இரண்டு மடங்கு. ஆட்கள் நிற்பதையும் ஸ்டாண்டின் எடையையும் சேர்த்துப் பார்த்து, சதுர மீட்டருக்கு 12 அங்குலப் பை நான்குக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். உத்தரங்களும் சுவர்களும் போகிற வரிசையை ஒட்டி வைப்பது நல்லது, அறையின் நடுப்பகுதிக்கு மேலே வேண்டாம். பழைய கட்டடமாக இருந்தாலோ, ஏற்கெனவே விரிசல் இருந்தாலோ, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு பையைக்கூட ஏற்றாதீர்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்கவே கூடாது. கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

பைகளைத் தரையில் வைக்காதீர்கள். ஒன்றரை அடி உயர இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். அப்போதுதான் அடியில் துடைப்பம் போகும், தரை காயும், மாடித் தரையில் பதித்த தட்டோட்டின் இடுக்கு திறந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டாண்டின் கால்கள் தட்டோட்டைக் குத்தாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் புஷ் போட்டோம். பந்தலுக்காகத் தரையில் துளை போடுவது பெரிய தப்பு. 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் குழாயை நிறுத்தி, சிமென்ட்டும் ஜல்லியும் கலந்து ஊற்றினால் கம்பம் தயார். கைப்பிடிச் சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஓர் அடி விடுங்கள், மழைநீர் ஓடும் பாதை அதுதான். வேலை தொடங்குமுன் பத்து வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அந்த இடத்தில் முதலில் பூச்சு வேலை.

மழைநீர்க் குழாயின் வாய்க்கு இரண்டு வலை போடுகிறோம். வெளியே கம்பி வலை, அதற்குள் பழைய கொசுவலைத் துணி. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியிலிருந்து மண் இறங்கினால் கீழே சேகரிப்புத் தொட்டியின் ஜல்லியும் மணலும் அடைத்துக்கொள்ளும். அதைத் தோண்டிச் சுத்தம் செய்வது மாடியைக் கூட்டுவதைப்போலச் சின்ன வேலை இல்லை.

பணத்துக்கு வருவோம். சேர்ந்த வீடு எட்டு, வீட்டுக்கு 1,500 ரூபாய். பாதிக்கு மேல் வெல்டரிடம் போனது. மீதியில் பை, நார்த்தூள் கட்டி, செம்மண், மண்புழு உரம், வேப்பம்பிண்ணாக்கு. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் தந்திருக்கிறது, இப்போதும் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பை, நார்த்தூள் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு அதுவே போதும். கலவைக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு: செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்த்தூளை இரண்டு தடவையாவது அலசிவிடுங்கள், உப்பு போகட்டும். கலந்ததும் விதைக்காமல், தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் ஆறவிட வேண்டும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மாடிக்கும் பொருந்தும். ஆனியில் ஸ்டாண்டும் பையும் தயாராகிவிட்டால் ஆடியில் விதைக்கலாம். முதல் போகத்துக்கு என்ன விதைப்பது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. எண்ணிப் பங்கு போட வேண்டியதைப் போடாதீர்கள். பத்து வெண்டைச் செடி இருந்தாலும் ஒரு நாள் பறிப்பு ஒரு வீட்டுப் பொரியலுக்குத்தான் வரும். எட்டு வீட்டுக்கு எப்படிப் பிரிப்பது? சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, புதினா, பச்சை மிளகாய், தூதுவளை, கற்பூரவள்ளி, ஒரு பெரிய பையில் கறிவேப்பிலை. இவை யார் வந்தாலும் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு போகிற செடிகள். கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும், சேர்ந்தவர்களுக்கும் நம்பிக்கை வரும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. தக்காளி, கத்திரி, பந்தல் புடலை எல்லாம் இரண்டாம் போகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பங்கீடு எளிது. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு அன்றைய கீரை. காய் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பறித்து, மாடிப்படி முகப்பில் தட்டில் வைத்துவிடுவோம். தோட்டத்தில் சேராத நான்கு வீட்டுக்காரர்களும் கறிவேப்பிலை பறிக்கிறார்கள். பறிக்கட்டும். குழந்தைக்குச் சளி என்று ராத்திரி எட்டு மணிக்குக் கற்பூரவள்ளி தேடி வந்தவர்தான் மறு வருஷம் ஒன்பதாவது வீடாகச் சேர்ந்தார்.

தண்ணீர் ஊற்றும் முறையை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்க முயன்று முதல் மாதம் தடுமாறினோம். ஏழு வீடு, ஏழு நாள் என்று வைத்த பிறகு சரியானது. எட்டாவது வீட்டில் வயதான தம்பதி, முழங்கால் வலியோடு மாடி ஏற முடியாது. அவர்கள் தங்கள் பால்கனியிலேயே குழித்தட்டில் நாற்று வளர்த்துத் தருகிறார்கள். ஐயா விதை டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டி வைக்கிறார். ஊருக்குப் போகிறவர் தன் முறையை வேறு ஒருவரிடம் மாற்றிக்கொண்டு, குழாயடியில் கயிற்றில் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். வெயில் காலத்தில் பைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 36 பைக்கு 54 லிட்டர், நான்கைந்து வாளி. லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் இந்தக் கணக்கைச் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை வீட்டுக்கு ஒரு வாளி கொண்டுவந்தால் அதிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு அதிகம், தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும்.

பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வந்துவிடும்.

பூச்சிக்கு ரசாயன மருந்து வேண்டாம் என்பது எங்கள் முதல் விதி. குழந்தைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒரு தடவை. அசுவினியும் வெள்ளை ஈயும் இதிலேயே குறையும். மாவுப்பூச்சி அப்பிய கிளையை வெட்டி, பையில் கட்டி, குப்பையில் போட்டுவிடுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் அடுத்த செடிக்கும் போகும். அக்னி நட்சத்திரத்துக்கு 50 சதவீத நிழல் வலை கட்டுகிறோம்.

அந்த வலைதான் புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கழற்ற வேண்டியதும். காற்றில் பாய்மரம் மாதிரி கம்பத்தையே இழுத்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முதல் நாள் மதியம் ஆறு பேர் சேர்ந்து வலையைக் கழற்றி, பந்தல் கம்பங்களைப் படுக்க வைத்து, பைகளை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தண்ணீர் ஓடும் பாதையை விட்டுத் தள்ளி நெருக்கமாக வைத்துவிட்டோம். மழை விட்ட நேரத்தில் இரண்டு பேர் ஏறி, வடிகுழாய் வாயில் சேர்ந்த இலையை அள்ளிவிட்டு வந்தார்கள். தக்காளி எல்லாம் போய்விட்டது. தண்ணீர் தேங்கவில்லை.

ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் காலை, செடிகளைப் பார்க்கப் போவதற்கு முன்னால் 3-பி கதவைத் தட்டுகிறேன். "மாமி, சீலிங் எப்படி இருக்கு?" என்று கேட்டால் அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு வருகிறார். நான்கு மூலையையும் சேர்ந்து பார்த்துவிட்டு, அவரிடமே சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போகிறேன்.