பழைய மில்லிங் மெஷினை ரெடி பண்றதா, எடைக்குப் போடுறதா? நிறைய பேர் சறுக்குற இடங்கள்

மில்லிங் மெஷின், அதாவது சுத்துற கட்டரால உலோகத்தை வெட்டுற மெஷின், தேறுமான்னு பாக்கும்போது பெயின்ட்டைப் பாத்து முடிவு பண்றதுதான் எல்லாரும் பண்ற முதல் தப்பு. பெயின்ட் உரிஞ்சிருக்கு, மேல துரு, டேபிள்ல எவனோ ட்ரில்லை இறக்கி குழி குழியா வச்சிருக்கான், உடனே இது தேறாதுன்னு சொல்லிடுவாங்க. டேபிள்ல இருக்குற குழி பாக்க அசிங்கம்தான், ஆனா வைஸ் (வெட்டுற பொருளை இறுக்கிப் பிடிக்கிற கருவி) வச்சு வேலை பாக்க அது தடையே இல்ல. மேலாப்புல இருக்குற துருவும் ஆயில் போட்டு தேய்ச்சா போயிடும். எனக்கு சந்தேகம் வர்றதே புதுசா பளபளன்னு பெயின்ட் அடிச்சு நிக்கிற மெஷின் மேலதான், அடியில என்ன மறைச்சிருக்காங்கன்னு தெரியாது.

பாக்க வேண்டியது ஸ்லைடு, அதாவது டேபிள் வழுக்கி ஓடுற பாதை. டேபிள் பெரும்பாலும் நடுவுலயே ஓடியிருக்கும், அதனால ஸ்லைடும் நடுவுலதான் தேயும், ரெண்டு ஓரமும் புதுசு மாதிரி அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஜிப்பை (ஸ்லைடுல இருக்குற இடைவெளியை இறுக்குற பட்டை) டேபிள் நடுவுல இருக்கும்போது லூசு இல்லாம டைட் பண்ணிட்டு ஓரம் வரைக்கும் ஹேண்டிலை சுத்திப் பாருங்க, போகப் போக இறுகி நின்னுச்சுன்னா தேய்மானம் நல்லாவே இருக்குன்னு அர்த்தம். அப்புறம் டயல் கேஜை (சின்ன அசைவையும் முள்ளுல காட்டுற கருவி) ஸ்பிண்டில் (கட்டரை சுத்துற தண்டு) பக்கம் மாட்டி முள்ளை டேபிள் மேல வச்சுட்டு, டேபிளோட நுனியைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, முள்ளு எவ்ளோ ஆடுதுன்னு தெரிஞ்சிடும். ஃபேக்டரில ஸ்க்ரேப்பிங் (பரப்பைக் கையால சுரண்டி சமப்படுத்துறது) பண்ண அடையாளம் ஓரத்துல தெரிஞ்சு நடுவுல சுத்தமா அழிஞ்சிருந்தாலும் அதே கதைதான். ஜிப் ஸ்க்ரூ கடைசி வரைக்கும் உள்ள போயிருந்தா இனிமே அட்ஜஸ்ட் பண்ண இடமில்ல, பின்னாடி ஷிம் (மெல்லிசு தகடு) வைக்கணும், இல்ல மறுபடி ஸ்க்ரேப் பண்ணணும். ஸ்க்ரேப்பிங் கைவேலை, தெரிஞ்ச ஆளு கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் பல மெஷினுக்கு அந்தக் கூலி கட்டுப்படி ஆகாது.

இந்த ஸ்லைடு தேய்மானத்தையும் பேக்லாஷையும் (டேபிள் நகராம ஹேண்டில் மட்டும் சும்மா சுத்துறது) போட்டு குழப்பிக்கிறவங்க நிறைய. ஹேண்டில் கால் சுத்து சும்மா சுத்துதுன்னு மெஷினையே ஒதுக்கிடுறாங்க. அது பெரும்பாலும் நட்டு தேஞ்சது, நட்டு வெண்கலத்துல இருக்கும், புதுசா செஞ்சு மாட்டலாம், லீட் ஸ்க்ரூவும் (அந்த நட்டு ஓடுற, டேபிளை நகர்த்துற மரைத் தண்டு) தேஞ்சிருந்தா அதையும் மாத்தலாம். டிஜிட்டல் ரீட்அவுட் (டேபிள் எவ்ளோ நகர்ந்துச்சுன்னு நேரடியா காட்டுற மீட்டர்) மாட்டிட்டா அளவு பாக்குறதுல பேக்லாஷ் தொல்லை பண்ணாது (கட்டர் டேபிளை இழுக்குற பிரச்சனை அப்பவும் இருக்கும், அது வேற). ஸ்லைடு தேய்மானத்தை மட்டும் ரீட்அவுட் காப்பாத்தாது.

ஸ்பிண்டிலை ரெண்டு நிமிஷம் ஓட்டி சத்தம் கேட்டுட்டு ஓகே சொல்லாதீங்க. அரை மணி நேரமாவது ஓட்டி பேரிங் பக்கம் கை வச்சுப் பாருங்க, சூடு ஓவரா ஏறுதான்னு தெரியும். ரன்அவுட்டை (சுத்தும்போது வர்ற ஆட்டம்) கட்டர் மேலயோ சக் மேலயோ பாக்கக்கூடாது, டேப்பரை (ஸ்பிண்டில்ல டூல் உக்கார்ற கூம்புக் குழி) நல்லா துடைச்சுட்டு உள்பக்கம் டயல் வச்சுப் பாக்கணும். 0.01 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா சந்தோஷப்படலாம். டேப்பர் என்னன்னும் கேட்டுக்குங்க, ஆர்8, ஐஎஸ்ஓ 40 மாதிரின்னா டூல் ஈசியா கிடைக்கும், ரொம்பப் பழைய மெஷின்ல பிரவுன் அண்ட் ஷார்ப் டேப்பர் இருக்கும், ஒவ்வொரு ஹோல்டருக்கும் தேடி அலையணும்.

மோட்டார் எரிஞ்சிருந்தா அதுக்காக மெஷினைத் தள்ளாதீங்க. காயில் கட்டலாம், வேற மோட்டார் போடலாம். த்ரீ ஃபேஸ் இல்லாத இடத்துல விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸ் கரண்டை த்ரீ ஃபேஸா மாத்திக் குடுக்குற பெட்டி) போட்டு ஓட்டலாம், ஆனா மோட்டாரை டெல்டால (காயிலை இணைக்கிற ஒரு முறை) கட்டி அந்த வோல்ட்டுக்கு ஓட்ட முடியுமான்னு மோட்டார் மேல இருக்குற பிளேட்டைப் படிச்சுக்கணும். ரெண்டு ஸ்பீடு மோட்டார்னா இன்னும் கவனம்.

உண்மையிலேயே மெஷினை எடைக்கு அனுப்புறது காணாமப்போன பாகம்தான். ஹாரிசான்டல் மெஷின்ல ஆர்பரைத் (கட்டர் மாட்டுற நீளத் தண்டு) தாங்குற சப்போர்ட் இல்ல, கியர்பாக்ஸ்ல ரெண்டு கியர் இல்ல, கம்பெனி மூடி பல வருஷம் ஆச்சு. உடைஞ்ச கியரை அளவெடுத்து வெட்டிடலாம், இல்லாத கியருக்கு பல்லு எத்தனைன்னே முதல்ல கணக்கு போட்டு கண்டுபிடிக்கணும். வார்ப்புல விரிசல் இருக்கான்னும் பாருங்க. ஹேண்டில் பிராக்கெட் மாதிரி இடம்னா பிரேசிங் (பித்தளையை உருக்கி ஒட்டுறது) பண்ணிக்கலாம், டவ்டெயில் (ஸ்லைடோட சாய்வான விளிம்பு) பக்கம் விரிசல்னா நான் தொடவே மாட்டேன்.

சரி ரெடி பண்ணலாம்னு முடிவு பண்ணப்புறமும் கெடுக்குறாங்க. ஆயில் போக வேண்டிய நிப்பிள்ல கிரீஸ் அடிச்சு லைனையே அடைக்கிறது ஒன்னு. பாகத்தைக் கழட்டாமலே சாண்ட் பிளாஸ்ட் பண்ணி மணலை ஸ்லைடுக்குள்ள அனுப்புறது இன்னொன்னு, அதைவிட மோசம் ஸ்லைடு மேல கிரைண்டர் வைக்கிறது. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதை வறட்டா தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க. அப்புறம் மெஷினை ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்காம மொத்தமா பிரிச்சுப் போட்டா எது முன்னாடியே கெட்டது எது நாம கெடுத்ததுன்னே தெரியாது.

எந்த வேலைக்குன்னு கேக்காம கணக்கு போடுறதும் தப்புதான். சாவி வழி (தண்டுல கீ உக்கார்ற பள்ளம்) வெட்டுறது, பிளேட்டை சமப்படுத்துறது மட்டும்னா ஓரளவு தேஞ்ச மெஷினே தாராளம். 0.02 மில்லிமீட்டருக்குள்ள தொடர்ந்து வேணும்னா அதே மெஷின் தினமும் சண்டை போடும். தேறாதுன்னு ஆனாலும் முழுசா எடைக்கு தூக்கிக் குடுத்துடாதீங்க. வைஸ், ஆர்பர், கோலெட், டிவைடிங் ஹெட், மோட்டார், ஹேண்டில், டயல் எல்லாத்தையும் கழட்டிட்டு, அதே மாடல் வச்சிருக்குறவங்க யாராவது கியரு, ஹெட்டு தேடுறாங்களான்னு கேட்டுட்டு, மிச்ச வார்ப்பை மட்டும் அனுப்புங்க.