மெமரியை விடுவிப்பதில் நான் பட்ட பாடு: நீங்களாவது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான். கெட்டிக்காரன். போன வாரம் அவன் எழுதிய ஐபோன் செயலியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திரையைத் திறந்து மூட, திறந்து மூட, மெமரி ஏறிக்கொண்டே போகிறது. இறங்குகிற வழியாக இல்லை. கேட்டால், "டீஇனிட்ல டைமர நிறுத்திட்டேனே அக்கா, அப்புறம் எப்படி லீக் ஆகும்?" என்கிறான். (ஐபோன் செயலிகள் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் ஒரு ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடும் பகுதிதான் டீஇனிட். வேண்டாத மெமரி விடுபடாமல் தேங்குவதுதான் லீக்.)

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வயிற்றையும் கலக்கியது. வேறு மொழியில், வேறு ஒரு பெட்டியில், இதே தவறை 2013ல் நானும் செய்திருக்கிறேன். அந்தக் கதை கீழே வரும்.

சி மொழியில் மாலக் செய்ததை (கேட்டு வாங்கிய மெமரியை) ஃப்ரீ செய்ய (திருப்பித் தர) மறப்பது, ஒரே பாயிண்டரை (மெமரி முகவரியை) அடுத்தடுத்த வரியில் இரண்டு தடவை ஃப்ரீ செய்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். கருவிகளும் ஒரே ஓட்டத்தில் பிடித்துக் கொடுத்துவிடும்.

சொந்தக்காரர் யார் என்று சொல்லாமல் விடுவது

ஒரு ஃபங்ஷன் உங்களுக்கு ஒரு பாயிண்டரைத் தருகிறது. அதை விடுவிக்க வேண்டியது நீங்களா, தந்தவரா? எழுதியவருக்கு அன்றைக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அவருக்கே தெரியாது.

சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல் சாப்பிட்டவரே தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று அமலாக்கம் வந்தது. அதற்கு முன்னால் எடுத்து வைப்பது யார் பொறுப்பு என்பதில் ஆளுக்கொரு எண்ணம். சாப்பாட்டு மேசையில் அதனால் வரும் தொல்லை ஒன்றுதான், தட்டு அங்கேயே கிடக்கும். நிரலில் இரண்டு விதமாக வரும். இருவரும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டால் லீக். இருவரும் "நானே செய்கிறேன்" என்று கிளம்பினால் இரட்டை ஃப்ரீ. இரண்டாவதுதான் கொடுமை, ஏனென்றால் கிராஷ் பல நேரம் சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில் நடக்கும்.

சி மொழியில் இதற்கு ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி கமென்ட் எழுதுவதைத் தவிர வழியில்லை. சி++ எழுதுகிறவர்களுக்கு 2011 தரத்திலிருந்தே, ஒரே ஒரு சொந்தக்காரரை மட்டும் அனுமதிக்கும் யூனிக் பாயிண்டர் இருக்கிறது. அதைத் திருப்பித் தந்தால், "இனி இது உன்னுடையது" என்று ஃபங்ஷனின் தலைப்பு வரியே சொல்லிவிடும்.

சதுர அடைப்பை மறப்பது

சி++ல் ஒரு வரிசைக்கு இடம் வாங்கும்போது நியூவில் சதுர அடைப்பு போட்டால், விடுவிக்கும் டெலீட்டிலும் போடுங்கள். தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வெக்டரைப் பயன்படுத்தினால் இரண்டையும் மறந்துவிடலாம்.

பெயரை அழித்தால் பொருளும் போய்விடும் என்று நம்புவது

பைத்தானில் டெல் என்று எழுதினால் அழிவது பெயர்தான். அந்த ஆப்ஜெக்டை வேறு ஒரு லிஸ்ட்டோ டிக்‌ஷனரியோ பிடித்துக்கொண்டிருந்தால் அது சௌக்கியமாக அங்கேயே இருக்கும். ஜாவாவில் நல் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) வைப்பதும் அப்படித்தான். நம் கையிலிருந்த கயிற்றை நாம் விட்டோம், மாட்டின் கழுத்தில் இன்னும் நாலு கயிறு இருக்கலாம். குப்பை அள்ள ஆள் வைத்த, அதாவது வேண்டாத மெமரியைத் தானே விடுவிக்கும் மொழிகளில் வருகிற லீக்குகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். யாரோ ஒரு மேப்பில் கேஷ் என்று சேர்த்துவிட்டு, எடுக்கிற வரியை எழுதாமல் விட்டிருப்பார்கள்.

ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாகாத ஆப்ஜெக்ட்கள்

இப்போது என் கதை. நான் அப்போது வேலை பார்த்த சிறிய நிறுவனம், மருந்தகங்களில் வரிசை எண்ணைக் காட்டும் திரைகளைச் செய்துகொடுத்தது. உள்ளே 512 மெகாபைட் மெமரி கொண்ட ஒரு லினக்ஸ் பெட்டி. சி++ல் எழுதினோம். ஷேர்டு பாயிண்டர் கையில் கிடைத்த புதிது. ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது எண்ணும், எண்ணிக்கை பூஜ்யமானதும் தானே விடுவித்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்ட பாயிண்டரையெல்லாம் ஷேர்டு ஆக்கினேன். "இனி நம்ம சிஸ்டத்தில் லீக் என்ற பேச்சே கிடையாது" என்று மீட்டிங்கில் சொன்னதும் நான்தான்.

ஒவ்வொரு எண்ணை அழைக்கும்போதும் ஒரு பேனல் ஆப்ஜெக்ட் பிறக்கும். எண் கண்சிமிட்ட வேண்டும் என்பதால் பேனலுக்குள் ஒரு டைமர். டைமருக்கு ஒரு கால்பேக் வேண்டும், அதாவது நேரம் வரும்போது அது கூப்பிடும் ஃபங்ஷன். அதை லாம்டாவாக, பெயரில்லாத ஃபங்ஷனாக, எழுதினேன். அந்த லாம்டாவுக்குள் பேனலின் ஷேர்டு பாயிண்டரையே கொடுத்திருந்தேன். கண்சிமிட்டி முடிந்ததும் டைமரை நிறுத்தி, பேனலைத் திரையிலிருந்து எடுத்து, என் கையிலிருந்த பாயிண்டரையும் விட்டுவிட்டேன். எல்லாம் ஒழுங்காகச் செய்த மாதிரிதான் தெரிகிறது, இல்லையா?

எண்ணிக்கையைப் பாருங்கள். பேனலை இருவர் பிடித்திருந்தார்கள்: நானும், டைமருக்குள் இருந்த லாம்டாவும். நான் விட்டதும் இரண்டு ஒன்றானது. பூஜ்யம் ஆகவில்லை, அதனால் பேனல் சாகவில்லை. பேனல் சாகாததால் அது பிடித்திருந்த டைமரும் சாகவில்லை. டைமர் சாகாததால் அதற்குள் இருந்த லாம்டா பேனலை விடவில்லை. வெளியுலகில் யாருக்கும் இந்த இருவரும் வேண்டாம், ஆனால் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

தேக்கா உணவங்காடியில் மதிய நேரத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நண்பர்கள், எதிரெதிர் நாற்காலியில் ஆளுக்கொரு பாக்கெட். "அவன் பாக்கெட் இருக்கிறதே, வருவான்" என்று இவன் தன் பாக்கெட்டை எடுக்கவில்லை. அவனும் அதே கணக்கு. இருவரும் எப்போதோ வீட்டுக்குப் போக பஸ் ஏறியாகிவிட்டது. மேசை மட்டும் காலியாகவும் கிடக்கிறது, காலி இல்லாமலும் கிடக்கிறது.

பேனலின் படம் 400க்கு 200 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட். ஆக ஒரு எண்ணுக்கு 3,20,000 பைட் காணாமல் போகும். பெட்டியில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஏறக்குறைய 350 மெகாபைட். கிட்டத்தட்ட 1,090 எண்கள் தாங்கும். ஒரு மருந்தகத்தில் நாளைக்கு 150 பேர் என்றால் ஏழு நாள் ஓடும், எட்டாவது நாள் காலையில் லினக்ஸ் கெர்னல் என் நிரலைக் கொன்றுவிடும். நாங்கள் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தது ஒரே ஒரு நாள். இரவில் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போன மருந்தகங்களில் பிரச்சினையே இல்லை. அணைக்காத இடங்களிலிருந்து மட்டும் வாரம் ஒரு போன் வரும். ஒரு மாதத்துக்கு மேல் நெட்வொர்க்கைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் செய்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக, தினமும் அதிகாலை 3 மணிக்குப் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு வரி எழுதினேன். போன் வருவது நின்றது. பாராட்டுகூடக் கிடைத்தது. சில மாதம் கழித்து 24 மணி நேர மருந்தகம் ஒன்று அதே பெட்டியை வாங்கியது. அங்கே அதிகாலை 3 மணிக்கும் ஆட்கள் காத்திருப்பார்கள், பாதிப் பேர் காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு. திரை அணைந்து, திரும்ப வந்தபோது எண் 1லிருந்து ஆரம்பித்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று சண்டை. அந்தத் தாதி காலையில் போனில் பேசிய தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

அதற்குப் பிறகுதான் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியில் ஓட்டினேன். நிரல் பத்து முதல் ஐம்பது மடங்கு மெதுவாக ஓடும் என்பதால் சோம்பல்பட்டு அதுவரை தொடவே இல்லை. ஒரு மத்தியானத்தில் காட்டிக் கொடுத்துவிட்டது. திருத்தமும் மூன்றே வரி: லாம்டாவுக்குள் ஷேர்டுக்குப் பதில், எண்ணிக்கையில் சேராத வீக் பாயிண்டர். கால்பேக் ஓடும்போது அதை லாக் செய்து, பேனல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆள் இல்லை என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுவது.

நான் ஏதோ புதுச் சிக்கலில் மாட்டினேன் என்று நினைத்தேன். இப்படி எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கும், ரெஃபரன்ஸ் எண்ணும் முறையை ஜார்ஜ் காலின்ஸ் வெளியிட்டது 1960ல். வட்டமாகப் பிடித்துக்கொண்டால் இந்த முறை தோற்கும் என்று ஹெரால்ட் மெக்பெத் எழுதியது 1963ல். சரியாக ஐம்பது வருடம் கழித்து அதை நான் மருந்தகச் செலவில் கண்டுபிடித்திருக்கிறேன்.

பைத்தானும் ரெஃபரன்ஸ்களைத்தான் எண்ணுகிறது, ஆனால் வட்டங்களைத் தேடிப் பிடிக்க 2000ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து தனியாக ஓர் ஆள் உண்டு. ஸ்விஃப்ட்டில் அப்படி யாரும் இல்லை, சி++லும் இல்லை. நீங்களேதான் பார்க்க வேண்டும்.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆப்ஜெக்டையே டார்கெட்டாகக் கொடுத்து டைமர் வைத்தால், ரன் லூப் (செயலிக்குள் நிகழ்வுகளைச் சுற்றிச் சுற்றிக் கவனிக்கும் பகுதி) டைமரைப் பிடித்திருக்கும், டைமர் அந்த ஆப்ஜெக்டைப் பிடித்திருக்கும். இன்வாலிடேட் செய்கிறவரை (டைமரை நிறுத்துகிறவரை) விடாது. டீஇனிட் ஓட வேண்டுமானால் முதலில் யாரும் பிடித்திருக்கக் கூடாது. இவன் இன்வாலிடேட்டைக் கொண்டுபோய் டீஇனிட்டுக்குள் வைத்திருக்கிறான். பூட்டைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதை. திரை மறையும் இடத்தில் நிறுத்து என்றேன். அல்லது குளோஷர் (ஸ்விஃப்ட்டின் லாம்டா) வகை டைமரை எடுத்து, செல்ஃபை, அதாவது அந்த ஆப்ஜெக்டையே, வீக்காகப் பிடி. அதிலும் இன்வாலிடேட் வேண்டும், இல்லையென்றால் டைமர் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் டீஇனிட்டாவது ஓடும்.

இதைக் கேட்டதும் அவன் அடுத்த நாளே எல்லாவற்றையும் வீக் ஆக்கிவிட்டான். ஆப்ஜெக்ட் பிறந்த நொடியே செத்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. யாராவது ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்கத்தான் வேண்டும். பெற்றவர் பிள்ளையைக் கெட்டியாகப் பிடிக்கட்டும், பிள்ளை பெற்றவரை வீக்காகப் பார்த்தால் போதும். டெலிகேட்டுகளை (ஒரு ஆப்ஜெக்ட் தகவல் சொல்லும் இன்னொரு ஆப்ஜெக்டை) வீக்காக வைப்பது இதனால்தான். வீக்கைப் போலவே எண்ணிக்கையில் சேராத, ஆனால் ஆள் இருப்பதாகவே நம்பிவிடும் அன்ஓன்டு பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஆள் போன பிறகு தொட்டால் செயலி அங்கேயே விழும்.

விடுவித்த இடத்தைத் திரும்பத் தொடுவது

கூகுள் குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் குழு 2020ல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 விழுக்காடு மெமரி சம்பந்தப்பட்டவை. அதில் பாதி இந்த வகை. டெலீட் செய்ததும் பாயிண்டரை நல் ஆக்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த ஒரு பிரதிதான் நல் ஆகும். இன்னொரு இடத்தில் இருக்கும் பிரதி பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும்.

டெலீட் என்ற சொல்லே இல்லாமலும் இது வரும். வெக்டரின் முதல் உறுப்புக்கு ஒரு பாயிண்டர் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அதே வெக்டரில் இன்னும் பத்து உறுப்புகளைச் சேருங்கள். இடம் போதாமல் வெக்டர் வீடு மாறும்போது உங்கள் கையில் பழைய வீட்டின் விலாசம்தான் இருக்கும்.

வர்ச்சுவல் இல்லாத டிஸ்ட்ரக்டர்

டிஸ்ட்ரக்டர் என்பது சி++ல் ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடும் பகுதி. பேஸ் கிளாஸின் பாயிண்டர் வழியாக அதன் வாரிசை டெலீட் செய்வீர்களா? பேஸின் டிஸ்ட்ரக்டருக்கு வர்ச்சுவல் போடுங்கள்.

கடைசி மூச்சில் வேலை வைப்பது

ஃபைலை மூடுவது, டேட்டாவைச் சேமிப்பது போன்றவற்றை குப்பை அள்ளும்போது ஓடும் ஜாவாவின் ஃபைனலைஸுக்குள் வைக்காதீர்கள். அது எப்போது ஓடும் என்று உத்தரவாதமில்லை, ஓடாமலும் போகலாம். ஜாவா 9லேயே அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். மூட வேண்டியதை நீங்களே மூடுங்கள், ஜாவா 7லிருந்து ட்ரை அடைப்புக்குள்ளேயே ரிசோர்ஸைக் கொடுக்க முடிகிறது. சி++ டிஸ்ட்ரக்டரை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது ஓடும் நேரம் திட்டவட்டமாகத் தெரியும்.

ஃப்ரீ செய்தும் மெமரி இறங்கவில்லை என்று பதறுவது

ஃப்ரீ செய்த இடத்தை அலாகேட்டர் (மெமரியைப் பங்கிட்டுத் தரும் பகுதி) அடுத்த தேவைக்கு வைத்துக்கொள்ளும். உடனே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் திருப்பித் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் விடுங்கள். ஏறிக்கொண்டே போனால் தேடுங்கள்.

செத்ததா என்று பார்க்காமலே விடுவது

அட்ரஸ் சானிடைசர், எக்ஸ்கோடின் (ஐபோன் செயலி எழுதும் மென்பொருளின்) மெமரி கிராஃப் எல்லாம் மெமரிப் பிழைகளைக் காட்டும் நல்ல கருவிகள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றுக்கும் முன்னால் நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். டீஇனிட்டிலோ டிஸ்ட்ரக்டரிலோ ஒரு பிரிண்ட் வரி போடுங்கள். திரையை மூடுங்கள். வரி வருகிறதா என்று பாருங்கள்.

தம்பி நேற்று செயலியின் எல்லா இடத்திலும் "போயாச்சு" என்று அச்சடிக்கும் வரியைச் சேர்த்து ஓட்டினான். மூன்று இடங்களில் வரவில்லை. இரண்டு அவன் எழுதியவை. மூன்றாவதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.