டார்கெட் ரைஃபிளை வாங்குவதா, இருக்கும் 10/22-ஐத் தேற்றுவதா?

ருகர் 10/22 என்ற .22 செமி-ஆட்டோ ரைஃபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) அமெரிக்காவில் 1964 முதல் விற்பனையில் இருக்கிறது. அதற்கு மாற்றுப் பாகங்கள் கடை கடையாகக் கிடைப்பதால், அதன் சாதாரண கார்பைனை (குட்டைக் குழல் மாடலை) வாங்கி மாதம் ஒரு பாகமாகச் சேர்த்து டார்கெட் ரைஃபிளாக்கிவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். குழல், கட்டை (குழலைத் தாங்கி, தோளில் ஊன்றும் பகுதி), ட்ரிக்கர் மூன்றையும் மாற்றி முடிக்கும்போது, பாகங்களுக்குப் போன பணம் ரைஃபிளின் விலையைத் தாண்டியிருக்கும்.

கையில் ஏற்கெனவே 10/22 இல்லை, காகித இலக்கில் புள்ளி எடுப்பதுதான் நோக்கம் என்றால், செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 457 ரைஃபிளை நேராக வாங்கிவிடுங்கள். அதில் வார்மின்ட் எம்டிஆர் மாடல் கனமான குழலோடும் இறுக்கமான மேட்ச் சேம்பரோடும் (போட்டிக்கென நெருக்கமாகக் கடைந்த, தோட்டா உட்காரும் அறையோடும்) வருகிறது. ட்ரிக்கரின் இழுவையை நாமே கூட்டிக் குறைக்கலாம். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகத்தை)க் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்தே கம்பி விட்டுத் துடைக்கலாம். 10/22-இன் ரிசீவர் (போல்ட் ஓடும் நடுக்கூடு) பின்னால் மூடியிருப்பதால் கம்பியை வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும். கவனமில்லாமல் துடைத்தால் குண்டு வெளியேறும் அந்த விளிம்பே தேய்ந்து குறி கெடும்.

10/22 ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் பாகம் வாங்குவதற்கு முன் தோட்டா வாங்குங்கள். ஐந்து வகைத் தோட்டாக்களை எடுத்து, மணல் மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து, 50 கெஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து குண்டாக ஐந்து குரூப் சுடுங்கள். குரூப் என்பது ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைகளின் கூட்டம்; அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு துல்லியம். தோட்டா மாற்றும்போதெல்லாம் முதல் 20 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; பழைய தோட்டாவின் மெழுகு குழலுக்குள் படிந்திருக்கும். ஐந்து குரூப்பின் அகலத்தின் சராசரிதான் கணக்கு. எல்லோரும் படம் எடுத்துக் காட்டும் அந்த ஒரே ஒரு சின்ன குரூப் எதையும் நிரூபிப்பதில்லை. நொடிக்கு 1,070 அடி வேகத்தை ஒட்டிய ஸ்டாண்டர்டு வெலாசிட்டி வகைகள் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,125 அடி. அதைத் தாண்டிக் கிளம்பும் குண்டு வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கையில் தடுமாறும்.

அடுத்தது ட்ரிக்கர். தொழிற்சாலையிலிருந்து வரும் இழுவை 6 பவுண்டை ஒட்டி இருக்கும்; அதை இழுக்கிற இழுப்பிலேயே குறி நகர்ந்துவிடும். ருகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிக்கரில் இது சுமார் 2.75 பவுண்டு. முழுத் தொகுதியாகவே மாற்றிவிடலாம். பழையதை அரம் போட்டுத் தேய்த்து இலகுவாக்க முயலாதீர்கள்; தட்டினாலே வெடிக்கும் ரைஃபிளாகிவிடும்.

மூன்றாவது, பெரும்பாலோர் தாண்டிப் போகும் வேலை: கட்டைக்குள் ரைஃபிள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. 10/22-ஐக் கட்டையோடு பிடித்திருப்பது ரிசீவரின் முன்பக்கத்தில் உள்ள ஒற்றைத் திருகு. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரில் 10 அங்குல-பவுண்டில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் குரூப் சுட்டுப் பாருங்கள். செலவே இல்லாமல் குரூப் சுருங்க வாய்ப்பு இருக்கிறது.

இதற்குப் பிறகும் 50 கெஜத்தில் சராசரி ஓர் அங்குலத்துக்குக் கீழே வரவில்லை என்றால்தான் குழலைப் பற்றி யோசிக்க வேண்டும். டார்கெட் குழலின் தடிமன் 0.920 அங்குலம். சாதாரணக் கட்டையின் பள்ளத்தில் அது உட்காராது. ஆகவே குழல் வாங்கினால் கட்டையும் வாங்கியாக வேண்டும். இந்த இடத்தில் நின்று ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள். துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் அந்தப் பணத்தை 457-க்கு எடுத்து வைப்பதே மேல்.

மாற்றுவதென்றே முடிவு செய்தால், மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். குழலைப் பிடித்திருப்பது வி-பிளாக் என்ற ஒரு பிடிமானத் துண்டும் இரண்டு திருகுகளும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ரிசீவர் அலுமினியம், வேகமாக முறுக்கினால் மரை போய்விடும். கனமான குழல் முன்னால் தொங்கி அந்த வி-பிளாக்கை இழுக்கும். ரிசீவரை ஒட்டிய முதல் ஓரிரு அங்குலத்துக்குக் கீழே எபாக்சி பசையில் பெட்டிங் (இடைவெளியை நிரப்பித் தாங்கும் படுகை) போட்டு, அதற்கு முன்னால் உள்ள குழல் கட்டையைத் தொடாதபடி விடுங்கள். ஒரு காகிதத் துண்டு இடையில் தடையின்றி ஓட வேண்டும்.

கட்டை வாங்குமுன் நீங்கள் இருக்கும் அமெரிக்க மாநிலத்தின் சட்டத்தைப் பாருங்கள். கட்டைவிரல் துளையுள்ள கட்டையை இப்படிப்பட்ட செமி-ஆட்டோ ரைஃபிளில் மாட்டுவது நியூயார்க்கில் குற்றமாகும்.

மேட்ச் சேம்பர் எதில் இருந்தாலும், 457 ஆனாலும் புதுக் குழல் ஆனாலும், சிசிஐ ஸ்டிங்கர் வகைத் தோட்டாவைப் போடாதீர்கள். அதன் கூடு வழக்கத்தைவிட நீளம், அழுத்தம் ஏறிவிடும். ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே இழுத்தால் சில சமயம் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும், கூடு மட்டும் வரும், மருந்து போல்ட்டுக்குள் கொட்டும். வெளியே வந்தது முழுத் தோட்டாவா என்று கையில் எடுத்துப் பாருங்கள். குண்டைக் காணோம் என்றால், துப்புரவுக் கம்பியால் அதைத் தள்ளி எடுத்த பிறகே அடுத்த தோட்டா.