பின் சக்கர டிஸ்க் பிரேக்கில் சத்தமா? கழற்றுவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள்

போன மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் வண்டியின் பின் இடது சக்கரத்தில் மெல்லிய கிறீச் சத்தம் தொடங்கியது. ஷெட்டில் காட்டினேன். சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "பேடு நிறைய இருக்கு சார், ஓட்டுங்க" என்றார்கள். இரண்டே மாதத்தில் அது கரகரவென்று மாறிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை உள்ளும் வெளியுமாக இரு பேடுகள் அழுத்தும். கழற்றினால் வெளிப்பக்கப் பேடு புதிது போல இருந்தது. உள்பக்கப் பேடில் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை, வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த உள்பக்கத்தை நீங்கள் தவறவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: ஓட்டிக் கேளுங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், நீளமான காம்பவுண்ட் சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

காலையில் முதல் நான்கைந்து பிரேக்குக்கு மட்டும் உரசிவிட்டு அடங்கினால், இரவு ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த துரு. கவலை வேண்டாம். பிரேக் மிதிக்காதபோதும் சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப 'சர்... சர்...' என்றால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தடுப்புத் தகடு வளைந்திருக்கலாம், அல்லது இடையில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது 'கடகட' என்று ஆடி, பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால், பேடைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம். பிரேக்கோடு சம்பந்தமே இல்லாமல், வேகம் கூடக் கூட 'ஊ' என்று இரைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கூர்மையான கிறீச் சத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பல பேடுகளில் ஒரு சிறிய உலோக நாக்கு உண்டு. பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டுக் கத்துவதற்காகவே வைத்தது. கரகர சத்தத்தோடு பெடலிலும் அதிர்வு தெரிந்தால் அதற்கு மேல் ஓட்டவே வேண்டாம்.

படி 2: சூடு பாருங்கள்

அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

படி 3: தூக்குங்கள்

சமதளத் தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். முன் சக்கரம் இழுக்கும் மேனுவல் வண்டி என்றால் முதல் கியரில் போடுங்கள். பின் சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கப் போகிறோம். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சக்கர நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். இதில் மட்டும் சமரசமே கிடையாது.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சகஜம். இறுகினால், பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரோ ஹேண்ட் பிரேக் கேபிளோ சிக்கியிருக்கிறது.

படி 4: இரண்டு பேடையும் பாருங்கள்

சக்கரத்தைக் கழற்றியதும் வெளிப்பக்கப் பேடு கண்ணில் படும். உள்பக்கத்துக்கு டார்ச் அடித்து, போன் கேமராவைப் பின்னால் நீட்டிப் படம் எடுங்கள். தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கில் நகத்தை ஓட்டுங்கள். ஆழமான கோடுகளில் நகம் மாட்டினால் டிஸ்க்கையும் கவனிக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள்.

படி 5: ஸ்லைடு பின்

உள்ளும் வெளியும் வேறு வேறாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். காலிப்பர் இந்த இரண்டு பின்களின் மேல் வழுக்கினால்தான் இரண்டு பேடும் சமமாக அழுத்தும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. அசைவு குறைந்த இடத்தில் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் துரு சீக்கிரம் பிடித்துவிடும். எங்கள் வண்டியில் கீழே இருந்த ஸ்லைடு பின் காய்ந்த கிரீஸோடு காப்பித்தூள் நிறத்தில் ஒட்டிக்கிடந்தது.

ஹேண்ட் பிரேக் சுவிட்ச்சில் இயங்கும் வண்டி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே (பெரும்பாலும் ஸ்கேன் கருவி வேண்டும்) காலிப்பரைத் தொட வேண்டும். லீவர் வைத்த வண்டி என்றால் காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் பாரம் இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் யாரும் பெடலை மிதிக்கவும் கூடாது. ஸ்லைடு பின்னை விரலால் தள்ளி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். குழி விழுந்த பின்னை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டி, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு போல்ட்டுகளை முறுக்கிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பாருங்கள். அப்புறம் அதே சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்னொரு முறை போய் வாருங்கள்.