பெரிய மாடல் ரயில் பெட்டிக்கு விலை போடுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் கைவேலைக்குப் பஞ்சமில்லை. மரம் இழைக்க ஆசாரி, சக்கரம் கடைய லேத் பட்டறை, எல்லாம் பக்கத்திலேயே உண்டு. மாடல் ரயிலை அழகாகச் செய்து முடித்துவிடுவார்கள். "எவ்வளவு?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் விழிப்பார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அளவை முடிவு செய்யுங்கள். பெரிய மாடல்களுக்குப் பரவலாகக் கிடைப்பது 45 மி.மீ. இடைவெளி உள்ள தண்டவாளம். நம் ஊரில் முன்பு ஓடிய மீட்டர் கேஜ் இதற்குக் கச்சிதம்: அசலை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கும் விகிதத்தில், அதன் 1,000 மி.மீ. இடைவெளியை 22.5ஆல் வகுத்தால் 44.4. இப்போதைய அகலப் பாதை 1,676 மி.மீ. அதை இதே விகிதத்தில் செய்தால் 74.5 மி.மீ. வரும், தண்டவாளத்தையும் நீங்களே செய்ய வேண்டியதுதான். ஆகவே மீட்டர் கேஜ் பெட்டியில் தொடங்குங்கள். 18 மீட்டர் பெட்டி 80 செ.மீ. ஆகும். இன்ஜின் இப்போதைக்கு வேண்டாம். மோட்டார், பல்சக்கரம், விற்ற பிறகு வரும் ரிப்பேர் என்று அது தனிக் கணக்கு.

அப்புறம் மரம். பர்மா தேக்கில்தான் செய்ய வேண்டும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பெயின்ட் அடிக்கப்போகும் பெட்டிக்குத் தேக்கு வீண் செலவு. 3 மி.மீ. பிளைவுட்டை லேசரில் வெட்டினால் ஜன்னல்கள் ஒரே சீராக வந்துவிடும். தேக்கு ஆசை விடவில்லையென்றால் காட்சிக்கு வைக்கும் அடிப்பலகையில் தீர்த்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு நோட்டை எடுங்கள். நகைக்கடை பில் போலச் செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் பிரித்து எழுத வேண்டும். 10 பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை உதாரணத் தொகைகள். உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வரைபடம், மாதிரிப் பெட்டி, பாகங்கள் வார்க்கும் சிலிகான் அச்சு 30,000 ரூபாய். ஒரு பெட்டிக்கு 3,000
பிளைவுட், பித்தளை, சக்கரம்: 4,000
சேதாரம், நூற்றுக்குப் பத்து: 400
செய்கூலி, மணிக்கு 150 வீதம் 20 மணி: 3,000
பெயின்ட், அட்டைப்பெட்டி: 900
வாடகை, கரண்ட்: 700
அடக்க விலை: 12,000

செய்கூலியில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். "நானே செய்கிறேன், எனக்கு எதற்குக் கூலி" என்பார்கள். நாளைக்கு ஆர்டர் கூடி ஓர் ஆளை வைத்தால் அவருக்கு எங்கிருந்து கொடுப்பது? உப்புத்தாள் தேய்ப்பது, எழுத்து ஒட்டுவது எல்லாம் அந்த 20 மணிக்குள் வர வேண்டும். முதல் பெட்டிக்கு ஆகும் நேரத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது மாதிரிச் செலவு.

சரி, லாபம். அடக்கத்தின் மேல் 25 சதவீதம் வைத்து 15,000 என்று சொல்வது வழக்கம். கடைக்காரர் விற்ற விலையில் 20 சதவீதம் கமிஷன் கேட்டால் 3,000 போய்விடும். கையில் நிற்பது 12,000. லாபம் பூஜ்யம்! பெருக்குவதற்குப் பதிலாக வகுக்க வேண்டும். கமிஷன் போகக் கைக்கு வரும் பணத்தில் கால் பங்கு லாபம் வேண்டுமென்றால் 12,000ஐ 0.75ஆல் வகுங்கள்: 16,000. கடைக் கமிஷனுக்காக அதை 0.8ஆல் வகுங்கள்: 20,000. இதுதான் விலை. ஜிஎஸ்டி தனி, அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

30 பெட்டி போட்டால் அடக்கம் 10,000 ஆகக் குறையுமே என்று மனசு சொல்லும். குறையும்தான். ஆனால் முதலில் 3 லட்சம் முடங்கும்; கமிஷன் போக 16,000 வீதம் 19 பெட்டி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். 10 பெட்டி என்றால் 1,20,000 போதும், எட்டு விற்றால் தப்பித்தீர்கள். முன்பணம் வாங்கிப் பத்தோடு நிறுத்துவதே என் கட்சி.

இன்னொன்று: 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதை அச்சு வார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

வீட்டுக்கே வந்து வாங்குபவர் "கமிஷன் மிச்சம்தானே, 16,000க்குக் கொடுங்கள் அண்ணே" என்பார். அவருக்கும் 20,000தான். ஒருமுறை குறைத்துக் கொடுத்தது தெரிந்தால், கடைக்காரர் அடுத்த தடவை உங்கள் பெட்டியை அலமாரியில் வைக்க மாட்டார்.