மருந்துக்கு மசியாத தோல் கட்டிகளுக்கு மின்வேதிச் சிகிச்சை: செய்முறை

பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து நீரில் கரையும் பெரிய மூலக்கூறு. கொழுப்பாலான செல் சவ்வைத் தாண்டுவது அதற்குப் பெரும்பாடு. தாண்டிவிட்டால் டி.என்.ஏ.வை அறுத்துச் செல்லைக் கொன்றுவிடும். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்குப் பழகிவிட்ட கட்டிகள் பலவற்றிலும் மருந்து உள்ளே போவதே குறைந்திருக்கும். மின்துடிப்பு சவ்வில் நுண்துளைகளைத் திறந்து இந்தத் தடையை நீக்குகிறது; மருந்தையும் துடிப்பையும் சேர்த்துக் கொடுப்பதே மின்வேதிச் சிகிச்சை. டி.என்.ஏ. பழுதைச் செல் தானே சரிசெய்துகொள்வதால் வரும் எதிர்ப்புக்கு இது நேரடி மருந்தாகாது.

கீழுள்ள அளவுகள் 2006இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய நெறிமுறையைச் சார்ந்தவை. பயிற்சி பெற்ற புற்றுநோய்க் குழுவுக்கு உரியவை. கடையில் கிடைக்கும் வலி நிவாரண மின்கருவிகளால் இதைச் செய்யவே முடியாது.

முதலில் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சோதியுங்கள். நுரையீரலில் தழும்பு, பிளியோமைசின் ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் கூடாது. இதுவரை உடலில் ஏறிய பிளியோமைசினையும் கூட்டிப் பாருங்கள்; 4,00,000 யூனிட்டைத் தாண்டினால் நுரையீரலுக்கு ஆபத்து. நெஞ்சருகே உள்ள கட்டி என்றால் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்.

கட்டிகள் பல என்றால் சிரை வழி: உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 15,000 யூனிட், ஒரே மூச்சில். 8 நிமிடம் காத்திருந்து, 28ஆவது நிமிடத்துக்குள் துடிப்பு கொடுத்து முடிப்பது நல்லது. வரிசையை மாற்றவே கூடாது. துடிப்பு பட்டதும் கட்டியின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். பிறகு ஏற்றும் மருந்து அங்கே போய்ச் சேராது. முன்பே சேர்ந்த மருந்தையோ அதே சுருக்கம் உள்ளேயே பிடித்து வைக்கும். சிறிய கட்டி ஒன்றிரண்டு மட்டுமென்றால் அதற்குள்ளேயே ஊசி போட்டு, உடனே துடிப்பு கொடுக்கலாம்.

ஒவ்வொரு இடத்திலும் 8 துடிப்புகள், ஒன்று 100 மைக்ரோ வினாடி. ஊசி மின்முனைக்கு செ.மீ.க்கு 1,000 வோல்ட்; தட்டு மின்முனைக்கு 1,300, தோலில் ஜெல் தடவி. ஊசிகளுக்கிடையே 0.4 செ.மீ. என்றால் 400 வோல்ட். நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் தசை எட்டு முறை வெட்டி இழுக்கும். 5 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 5,000 துடிப்பு வேகத்தில்) ஒரே முறை. மரப்பு ஊசி எப்படியும் வேண்டும், கட்டிகள் அதிகமென்றால் முழு மயக்கம்.

கட்டி மீண்டும் வளர்வது பெரும்பாலும் ஓரத்தில்தான். மின்முனையை நகர்த்தும்போது முந்தைய இடத்தின் மேல் சற்றுப் படியட்டும். சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் மின்னோட்டம் குறைவாகக் காட்டினால் ஊசி சரியாக இறங்கவில்லை. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளும் முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோலில் உள்ளவையும் குறைவாகவே இணங்கும்.

பலனை 8 வாரத்தில் அளந்து, மிச்சமிருந்தால் திரும்பச் செய்யலாம். சிகிச்சைக்குப் பின் சில நாள் தோலைச் சொறியவோ பிளாஸ்டரைப் பிய்த்தெடுக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் பிளியோமைசின் அந்த இடத்தில் நீங்காத கருமையை விட்டுவிடலாம்.